சுவிஸ் நாட்டிற் சட்டம் ஆக்கப்படும் முறை

நாம் வாழும் சுவிற்சர்லாந்தில், பேர்ண் நகரிலுள்ள நாடாளுமன்றமே சட்டங்களை ஆக்குகின்றது. சட்டமூலமொன்று தேசிய சபை, மாநிலங்கள் சபை ஆகிய இரண்டிலும் ஒரே வாசகத்தில் நிறைவேற வேண்டும். தேசிய சபையின் 200 ஆசனங்கள் குடித்தொகைக்கேற்பப் பகிரப்படுவதால் சூரிச் மாநிலத்துக்கு 36 ஆசனங்கள். மலைகள் சூழ்ந்த ஊரிக்கு ஒன்றே. மாநிலங்கள் சபையிலோ சூரிச்சுக்கும் இரண்டு, ஊரிக்கும் இரண்டு! சிறியதென்று ஊரி அங்கே ஒதுக்கப்படுவதில்லை. எண்ணிக்கைப் பலத்தால் 1956இல் இலங்கையில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியதை அறிந்த எமக்கு இவ்வேற்பாட்டின் அருமை விளங்கும்.

இரு சபைகளும் இறுதிவரை இணங்காவிடின் சட்டமூலம் கைவிடப்படும். நிறைவேறிய சட்டமும் உடனே நடைமுறைக்கு வருவதில்லை. அது வெளியிடப்பட்ட 100 நாள்களுக்குள் வாக்காளர் 50,000 பேர் எதிர்த்து ஒப்பமிட்டால், மக்கள் வாக்கெடுப்பே முடிவு செய்யும். வதிவிட அனுமதியுடன் மட்டும் வாழும் பெற்றோருக்கு அவ்வாறு ஒப்பமிடும் உரிமை இல்லை; குடியுரிமை பெற்று 18 வயதை எட்டும் எம் மாணவர்க்கு உண்டு.