மன்ஹட்டன் வழக்கும் பார்த்தோர் தீர்ப்பும்



ஒரு நாடகத்தை ஒரு தலைமுறைக் காலம் இருந்து பார்ப்பவர்கள் வெறும் இரசிகராக நின்றுவிடுவதில்லை. நாளடைவில் அவர்களே யூரர்களாகி, அந்த நாடகத்தையே கூண்டிலேற்றி விசாரிக்கத் தொடங்கிவிடுகின்றனர். அமெரிக்காவிலே அவ்வாறு விசாரிக்கப்பட்டு வரும் ஒரு தொலைக்காட்சித் தொடரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அதன் பெயர் 'லோ அன்ட் ஓடர்'. சட்டமும் ஒழுங்கும் என்பது பொருள். என்.பி.சி. நிறுவனம் அதனை 1990 ஆம் ஆண்டு செப்டெம்பர் 13 ஆந் திகதி தொடங்கி, 2010 மே மாதம் வரை இருபது பருவங்களில் 456 கதைகளாக ஒளிபரப்பியது. பின்னர் நிறுத்தப்பட்ட அத்தொடர், 2022 பெப்ரவரியில் மீண்டும் உயிர்பெற்று வந்தது.

அதன் அமைப்பு மிக எளிது. நியூயோர்க் நகரில் ஒரு பிரேதம் கண்டெடுக்கப்படும். முதல் அரைமணி நேரம் இரு துப்பறிவாளர் வீடுவீடாகச் சென்று விசாரிப்பர். ஒருவனைக் கைது செய்வர். அடுத்த அரைமணி நேரம் அரச தரப்புச் சட்டத்தரணிகள் அவன்மேல் வழக்கை நடத்துவர். டிக் வூல்ஃப் என்பவர் இவ்வாறு இரண்டாகப் பிளந்து அமைத்ததற்குக் கலையார்வம் மட்டும் காரணமன்று. ஒருமணி நேர நாடகங்களை மறு ஒளிபரப்புக்கு வாங்குவார் குறைந்திருந்த காலம் அது. தேவைப்பட்டால் ஒவ்வொரு கதையையும் இரண்டு துண்டாக வெட்டி விற்கலாம் என்று அவர் கணக்கிட்டார். கடைசியில் வெட்டவேண்டிய தேவையே எழவில்லை. வியாபாரத்துக்காகப் போட்ட கோடு நாடகத்தின் முதுகெலும்பாய் நிலைத்துவிட்டது.

வானொலி நேயர்களாகிய நீங்கள் கேட்டு மகிழக்கூடிய செய்தி ஒன்றும் உண்டு. காட்சி மாறும்போதெல்லாம் இரண்டு தட்டாக ஓர் ஓசை எழும். மைக் போஸ்ட் என்னும் இசையமைப்பாளர், சிறைக் கதவு மூடப்படும் ஓசை உட்படப் பல ஓசைகளைக் கலந்து அதனை ஆக்கினார். அடுத்த அறையில் இருப்பவர்கூட அந்த இரு தட்டைக் கேட்டதும் எந்த நாடகம் நடக்கிறதென்று சொல்லிவிடுவார். முகங்கள் மாறிய போதும் மாறாது நின்றது அந்த ஓசைதான்.

முகங்கள் மாறின என்றேன். இரசிகரின் முதல் வழக்கு அதுபற்றியதே. 1993 இல், நாடகத்தில் பெண்களே இல்லையென்று நிறுவனத்தார் வற்புறுத்தியதன் பேரில் இரு நடிகர் நீக்கப்பட்டு, எஸ். எபாத்தா மேர்க்கர்சனும் ஜில் ஹெனசியும் வந்து சேர்ந்தனர். அதன்பின் ஏறத்தாழ ஒவ்வோராண்டும் யாரோ ஒருவர் போவதும் இன்னொருவர் வருவதுமாயிற்று. 'பழையவர்கள் போனதோடு நாடகமும் போயிற்று' என்று ஒரு சாரார் முறையிட்டனர். 'நாற்காலிதான் முக்கியம், அதில் அமர்பவர் அல்லர்' என்று மறுசாரார் வாதிட்டனர். ஆயினும் ஒருவரைப் பற்றி இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இருந்ததில்லை. 1992 முதல் 2004 வரை லெனி பிரிஸ்கோ என்னும் துப்பறிவாளராக நடித்த ஜெரி ஓர்பாக் தான் அவர். குடியை விட்டவர், குடும்பத்தை இழந்தவர், பிரேதத்தின் அருகில் நின்று கசப்பான ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு நகர்பவர். 2004 டிசெம்பரில் ஓர்பாக் காலமானபோது, அவர் பல்லாண்டு பாடி நடித்த பிரோட்வே அரங்குகளின் விளக்குகள் அவருக்காக மங்கவைக்கப்பட்டன.

சட்டத்தரணிகளைப் பற்றிய வழக்கு இதனினும் ஆழமானது. முதல் நான்கு பருவங்களில் மைக்கல் மொரியாட்டி நடித்த பென் ஸ்டோன், மனச்சாட்சியை முன்வைத்து வழக்காடுபவர். 1994 இல் அவரிடத்துக்கு வந்த ஜக் மெக்கோய், அதாவது சாம் வோட்டர்ஸ்டன், வெல்வதற்காகச் சட்டத்தை அது ஒடியும் எல்லைவரை வளைப்பவர். எவர் சிறந்தவர் என்ற தர்க்கம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. என் வாக்கு ஸ்டோனுக்கே. ஆனால் மெக்கோய் வந்தபின்னரே நாடகத்தில் சூடு ஏறியது என்பதையும் மறுக்கமுடியாது.

இங்கே நாடகம் உண்மையினின்று விலகிய ஓரிடத்தைச் சொல்லவேண்டும். நியூயோர்க் மாநிலம் 1995 இல் மரண தண்டனையை மீண்டும் சட்டமாக்கியது. மறு ஆண்டே இத்தொடரின் ஒரு கதையில், தாம் பிடித்துத் தண்டித்த ஒருவன் கொல்லப்படுவதை நால்வரும் நேரில் நின்று பார்க்கின்றனர். பின்னர் அந்த நாள் முழுவதும் ஒவ்வொருவரும் நிலைகுலைந்து அலைகின்றனர். வழக்கே இல்லாத அக்கதையைத் தொடரின் தலைசிறந்த கதைகளுள் ஒன்றாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் உண்மையில் அந்தச் சட்டத்தின் கீழ் நியூயோர்க்கில் ஒருவரேனும் கொல்லப்படவில்லை. அங்கே இறுதியாக மரண தண்டனை நிறைவேறியது 1963 இல். புதிய சட்டத்தையும் 2004 இல் மாநிலத்தின் உயர்ந்த நீதிமன்றம் செல்லாததாக்கிவிட்டது.

செய்தித்தாளில் வந்த குற்றத்தை எடுத்துப் பெயரையும் முடிவையும் மாற்றிக் கதையாக்குவது இத்தொடரின் வழக்கம். 'இது இன்ன வழக்கல்லவா?' என்று ஊகிப்பது பார்ப்பவர்க்கு ஒரு விளையாட்டு. விளையாட்டு வினையானதும் உண்டு. 2000 ஜூனில் போட்டரிக்கோ மக்களின் ஊர்வல நாளன்று நியூயோர்க்கின் மத்திய பூங்காவில் பெண்கள் பலர் தாக்கப்பட்டனர். அதனைத் தழுவிய கதை 2001 ஜனவரியில் வெளிவந்தபோது, ஒரு சமூகம் முழுவதையும் கயவராகக் காட்டியதாக அம்மக்கள் கொதித்தெழுந்தனர். நிறுவனம் மன்னிப்புக் கோரி, அக்கதையைத் திரும்ப ஒளிபரப்புவதில்லை என்று அறிவித்தது. 2003 இல் வந்த வேறொரு கதையில் இலஞ்சம் கொடுக்கும் சட்டத்தரணி தம்மையே சுட்டுகிறார் என்று இந்திய வம்சாவளிச் சட்டத்தரணி ஒருவர் மானநட்ட வழக்குத் தொடுத்தார். அதனைத் தொடக்கத்திலேயே தள்ளிவிடுமாறு தயாரிப்பாளர் கேட்டதற்கு, 2008 இல் நீதிமன்றம் இணங்கவில்லை.

இவையாவும் கிளை வழக்குகளே. மூல வழக்கு இனிமேல்தான் வருகிறது: இந்நாடகம் யார் பக்கம் நிற்கிறது?

1957 முதல் ஒளிபரப்பான 'பெரி மேசன்' நாடகத்தில் எதிரிக்காக வாதாடுபவரே கதாநாயகர். அரச சட்டத்தரணி வாரந்தோறும் தோற்பார். 'லோ அன்ட் ஓடர்' அதனைத் தலைகீழாக்கியது. இங்கே எதிரியின் சட்டத்தரணி பெரும்பாலும் குறுக்கே கிடக்கும் கல். பொலிஸார் முறைதவறிப் பெற்ற வாக்குமூலத்தை நீதிபதி நிராகரிக்கும்போது, குற்றவாளி தப்பிவிடுவானே என்று பார்ப்பவர் நெஞ்சு பதைக்கிறது. அவன் குற்றவாளிதான் என்பதை முதல் அரைமணி நேரத்திலேயே நாம் நம்பிவிட்டோம் அல்லவா? மனிதனைக் காக்க எழுந்த விதி இவ்வாறு ஒரு தொல்லையாகத் தோன்றிவிடுகிறது. 2020 மே மாதத்தில் மினியாபொலிஸ் நகரில் ஜோர்ஜ் ஃபுளொயிட் பொலிஸார் கையில் மாண்டபின், நெடுநாள் இரசிகர் பலரும் இக்கேள்வியை எழுப்பினர்.

தொடருக்காக வாதாடுபவர்க்கும் சான்று உண்டு. அமெரிக்கக் குற்ற வழக்குகளில் விசாரணைவரை செல்பவை மிகச் சில. மாநில நீதிமன்றங்களில் குற்றவாளியாக்கப்படுவோருள் 94 சதவீதத்தினர் தாமே குற்றத்தை ஒப்புக்கொண்டவர் என்று 2012 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றமே எடுத்துக்காட்டியது. நடைபாதையிலும் கண்ணாடி அறையிலும் நடக்கும் அந்தப் பேரத்தை இத்தொடர் மறைக்கவில்லை. எத்தனையோ கதைகள் அதிலேயே முடிகின்றன. நம் நாட்டில் பாரிய குற்ற வழக்குகளை நடத்துவது சட்டமா அதிபர் திணைக்களம். அங்கோ மாவட்ட வழக்குத்தொடுநர் வாக்குக் கேட்டு வெல்லவேண்டியவர். அந்தத் தேர்தல் அச்சத்தையும் ஸ்டீவன் ஹில் நடித்த அடம் ஷிஃப் ஒரு பெருமூச்சினாலேயே உணர்த்திவிடுவார்.

அந்த ஷிஃப்புக்கு முன்மாதிரி, 1975 முதல் 2009 வரை மன்ஹட்டனின் வழக்குத்தொடுநராயிருந்த றொபேட் மோர்கன்தோ. நாடகம் பிறந்த 1990 இல் நியூயோர்க்கில் 2,200 க்கும் அதிகமான கொலைகள் நிகழ்ந்தன. நகரம் அஞ்சி நடுங்கியது. அதே ஆண்டில், மத்திய பூங்காவில் ஒரு பெண்ணைத் தாக்கியதாக ஐந்து சிறுவரை மோர்கன்தோவின் அலுவலகம் தண்டிக்கச் செய்தது. முதன்மைச் சான்று அவர்களது வாக்குமூலம். 2002 இல் வேறொருவன் தானே குற்றவாளி எனக் கூற, மரபணுப் பரிசோதனையும் அதனை மெய்ப்பித்தது. தீர்ப்புக்களை நீக்குமாறு நீதிமன்றத்தைக் கேட்டதும் அதே அலுவலகமே. வாக்குமூலம் கிடைத்ததும் இரு தட்டு ஓசை கேட்டு அடுத்த காட்சிக்குப் போய்ப் பழகிய நமக்கு, அந்தப் பன்னிரண்டு ஆண்டை எந்தக் காட்சியில் வைப்பதென்று தெரிவதில்லை.

எதிரி தரப்பின் கதையும் வேண்டும் என்று நெடுங்காலம் கேட்டுவந்த இரசிகருக்கு 2021 மே மாதத்தில் ஒரு நற்செய்தி கிடைத்தது. எதிரிகளுக்காக வாதாடும் சட்டத்தரணிகளைப் பற்றியே ஒரு புதிய தொடரை வூல்ஃப் தயாரிக்கப் போவதாக அறிவிக்கப்பட்டது. இரண்டு மாதங்களில், ஒரு காட்சிகூட ஒளிபரப்பாகுமுன், அது கைவிடப்பட்டது. அவ்வாண்டு செப்டெம்பரில் என்.பி.சி. அறிவித்தது, பழைய நாடகம் திரும்பி வருகிறதென்பதையே.