காட்டிலிருந்து கிள்ளான் துறைமுகம் வரை: ஒரு மரத்தின் சான்றிதழ்

ஒரு காடு பொறுப்போடு பராமரிக்கப்படுகிறது என்பதை, அந்தக் காட்டின் உரிமையாளருக்கும் மரம் வெட்டும் கம்பெனிக்கும் சம்பந்தமில்லாத மூன்றாவது தரப்பு நேரில் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பதே வனச் சான்றளிப்பு. பல நாள் காட்டில் நடந்து எழுதப்படும் அந்த அறிக்கை, கடைசியில் கட்டைவிரல் நகம் அளவு முத்திரையாகச் சுருங்கி வாங்குபவர் கைக்கு வருகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் விற்கும் போட்டோஸ்டாட் தாள் கட்டைப் புரட்டிப் பார்த்தால் சிலவற்றில் அந்த முத்திரை இருக்கும். சரி அடையாளமும் மரமும் ஒன்றாகக் கலந்திருந்தால் அது எஃப்.எஸ்.சி. வட்டத்துக்குள் இரண்டு மரங்கள் நின்றால் அது பி.இ.எஃப்.சி. உலகில் பரவலாக ஏற்கப்படும் வனச் சான்றுகள் இந்த இரண்டும்தான்.

கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் மரத்துக்கும் உள்ள கணக்கு மிகப் பழையது. ஈயம் உருக்க விறகு வேண்டியிருந்தது. 1881-ல் கோலாலம்பூர் தீயில் கருகிய பிறகு வீடுகளைச் செங்கல்லால் கட்டச் சொன்னார்கள். பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் செங்கல் சூளைகளிலிருந்து வந்தது. 1886-ல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு அருகே புக்கிட் கூடா வரை ரயில் ஓடியது. தண்டவாளத்துக்கு அடியில் சிலிப்பர் கட்டை போட மறுபடியும் காடு. அந்தப் பாதையைப் போட்டதிலும் பராமரித்ததிலும் தமிழர்களின் உழைப்பு உண்டு. காடு தீர்ந்துவிடும் என்ற அச்சம் அப்போதே எழுந்தது. 1901-ல் முறையான வனத்துறை ஏற்பட்டது. ஆனால் அந்தத் துறை கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: எவ்வளவு மரம் மிஞ்சும்? காட்டில் வாழ்பவர்களுக்கு என்ன ஆகும், ஆறு என்ன ஆகும் என்ற கேள்விகள் வர இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் ஆயின.

அந்தக் கேள்விகளைக் கிளப்பியது வெளிநாட்டுச் சந்தை. 1980-களின் இறுதியில் ஐரோப்பாவில் வெப்பமண்டல மரங்களைப் புறக்கணிக்கும் இயக்கம் வலுத்தது. 1992-ல் ஆஸ்திரியா, வெப்பமண்டல மரங்களுக்கு மட்டும் தனி அடையாளம் ஒட்டவேண்டும் என்று சட்டம் போட்டது. தன் நாட்டு ஊசியிலை மரங்களுக்கு இல்லாத நிபந்தனை மலேசியாவின் மெராந்தி மரத்துக்கு மட்டும் ஏன் என்று மலேசியாவும் இந்தோனேசியாவும் கேட்டன. சட்டம் திரும்பப் பெறப்பட்டது. கேட்டது நியாயம்தான். ஆனாலும் வாங்குபவரின் சந்தேகம் அதோடு தீரவில்லை. 1993-ல் எஃப்.எஸ்.சி. பிறந்தது; சுற்றுச்சூழல் அமைப்புகள், வணிகர்கள், பூர்வகுடிகள் மூவரும் அதில் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஐரோப்பியச் சிறு வன உரிமையாளர்களின் முயற்சியில் 1999-ல் பி.இ.எஃப்.சி. வந்தது. பல நாடுகள் தாமே எழுதிய விதிகளைச் சோதித்து அங்கீகரிக்கும் குடை அமைப்பு அது.

மலேசியா தனக்கென ஒரு திட்டத்தை எழுதிக்கொண்டது. மலேசிய மரச் சான்றளிப்பு மன்றம் 1998 அக்டோபரில் கோலாலம்பூரில் அமைந்தது. எம்.டி.சி.எஸ். என்னும் அதன் சான்றளிப்புத் திட்டம் 2001-ல் செயலுக்கு வந்தது. 2009 மே மாதத்தில் பி.இ.எஃப்.சி. அதை அங்கீகரித்தது, ஆசிய பசிபிக் வட்டாரத்தில் அந்த அங்கீகாரம் பெற்ற முதல் வெப்பமண்டல மரத் திட்டம் இதுவே. இன்று 50 லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட காடு இதன்கீழ் இருக்கிறது. விதிகளை எழுதும் மன்றம் தானே சான்றிதழ் தருவதில்லை. தணிக்கை செய்வது வேறு நிறுவனங்கள்; அந்த நிறுவனங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்ப்பது அரசின் தரநிலைத் துறை. ஒருவரை ஒருவர் கண்காணிக்கும் இந்த ஏற்பாடு குலைந்தால் முத்திரைக்கு மதிப்பே கிடையாது.

காட்டுக்குள் நடப்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். தீபகற்ப மலேசியாவில் 1978 முதல் தேர்ந்து வெட்டும் முறை நடப்பில் உள்ளது. ஒரு பகுதியில் ரம்பம் நுழைவதற்கு முன் மரங்களைக் கணக்கெடுக்கிறார்கள். மார்பு உயரத்தில் அடிமரத்தின் விட்டம் அளக்கப்படுகிறது. மெராந்தி, கெருயிங் போன்ற டிப்டெரோகார்ப் குடும்பத்து மரங்களுக்கு 50 சென்டிமீட்டர், மற்றவற்றுக்கு 45 சென்டிமீட்டர் என்பது கீழெல்லை. அதற்கு மெலிந்த மரத்தைத் தொடக்கூடாது. மெதுவாக வளரும் செங்காலுக்கு 60. வெட்டலாம் என்று முடிவான ஒவ்வொரு மரத்துக்கும் எண் பொறித்த அட்டை அடிக்கப்படுகிறது. மரம் சாய்ந்த பின் அட்டையின் ஒரு பகுதி அடிக்கட்டையிலேயே தங்கும். மற்றது கட்டையோடு போகும். பிறகு தணிக்கையாளர் வந்து அடிக்கட்டையில் உள்ள எண்ணையும் பதிவேட்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். எண் இல்லாத அடிக்கட்டை கண்ணில் பட்டால் அது திருட்டு வெட்டு. ஒரு முறை வெட்டிய பகுதிக்குத் திரும்பி வர சுமார் 30 ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். 40 பாகைக்கு மேல் செங்குத்தான சரிவிலும் ஆற்றங்கரை ஓரப் பட்டையிலும் ரம்பம் போகக்கூடாது.

வெட்டும் விதத்திலும் நுட்பம் உண்டு. வெப்பமண்டலக் காட்டில் மரங்களைக் கொடிகள் பின்னிக் கட்டியிருக்கும். ஒரு மரம் விழும்போது கொடி பக்கத்து மரங்களையும் சேர்த்து இழுத்துச் சாய்க்கும். அதனால் கொடிகளை முன்கூட்டியே அறுத்துவிட்டு, இளமரங்கள் இல்லாத பக்கமாகப் பார்த்துச் சாய்க்கவேண்டும். தணிக்கையில் மரம் மட்டும் பார்க்கப்படுவதில்லை. தொழிலாளிக்குத் தலைக்கவசம் உண்டா, சொக்சோ என்னும் சமூகப் பாதுகாப்புச் சந்தா கட்டப்படுகிறதா, அருகில் உள்ள பூர்வகுடிக் கம்பத்தாரிடம் கலந்து பேசினார்களா என்பதும் கேட்கப்படும்.

காட்டுக்குச் சான்று கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. கட்டை மர ஆலைக்குப் போகிறது, பலகையாகிறது, தட்டுமுட்டுச் சாமான் செய்யும் தொழிற்சாலைக்குப் போகிறது, கண்டெய்னரில் ஏறிக் கிள்ளான் துறைமுகத்தை அடைகிறது. இந்த வழியில் எங்காவது சான்று பெறாத மரம் கலந்துவிடலாம். அதைத் தடுக்கவே கைமாறும் தொடருக்கும் தனிச் சான்றிதழ். மரத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும் ஒவ்வொரு கம்பெனியும் சான்று பெற்ற சரக்கைத் தனியே அடுக்கவேண்டும் அல்லது விகிதக் கணக்கு வைக்கவேண்டும். விற்கும் பில்லில் சான்றிதழ் எண்ணை எழுதவேண்டும். இடையில் ஒரு கை சான்றில்லாமல் போனால், தொடர் அங்கேயே அறுந்தது.

மலேசியத் தட்டுமுட்டுச் சாமான்களில் பெரும்பகுதி மழைக்காட்டு மரத்தால் ஆனதல்ல, கித்தா என்னும் ரப்பர் மரத்தால் ஆனது. இதில் தமிழர் கதையும் கலந்திருக்கிறது. கிள்ளான், காப்பார், பத்தாங் பெர்ஜுந்தை தோட்டங்களில் மூன்று தலைமுறைகள் விடியுமுன் எழுந்து பால் வெட்டிய அதே மரம், 25, 30 வயதில் பால் வற்றியதும் முன்பெல்லாம் விறகாகத்தான் போயிற்று. அறுத்த கட்டையைச் சில நாள் சும்மா போட்டால் நீலப் பூஞ்சை படரும், வண்டு துளைக்கும். உடனே பலகையாக்கி, போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளை அறையில் உலர்த்தினால் வெளிர் மஞ்சள் நிறத்தில் அழகான மரம் கிடைக்கும். இந்த வேலையைச் சாத்தியமாக்கிய ஆராய்ச்சியில் கெப்போங்கில் உள்ள ஃப்ரிம் என்னும் மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்துக்கு முக்கிய பங்கு உண்டு. ஈயம் தோண்டிப் பாழான நிலத்தில் 1920-களில் தொடங்கி மரம் நட்டு வளர்த்தெடுத்த காடு அந்த நிலையத்தைச் சூழ்ந்திருக்கிறது. அந்தக் காடு 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. அங்கே அண்ணாந்து பார்த்தால் கபூர் மரங்களின் உச்சிகள் ஒன்றையொன்று தொடாமல், நடுவே ஆற்று வளைவுபோல் வானத்தை விட்டு நிற்பது தெரியும். தமிழர் கற்பூரம் என்று கடல் கடந்து வாங்கியது அந்த மர இனத்தின் பிசினைத்தான்.

கித்தா மரம் இயற்கைக் காட்டின் சுமையைக் குறைக்கிறது என்பது உண்மை. ஆனால் கித்தா நிலத்தில் பெரும்பகுதி சிறு தோட்டக்காரர்கள் கையில் இருக்கிறது. இரண்டு ஹெக்டேர் வைத்திருப்பவர் தனியாகத் தணிக்கைக் கட்டணம் கட்ட முடியாது. பலர் ஒன்று சேர்ந்து ஒரே சான்றிதழ் வாங்கும் குழு முறை அவர்களுக்காகவே உள்ளது. அதை முன்னின்று நடத்த ஒரு கூட்டுறவுச் சங்கமோ, ஆலையோ, அரசு நிறுவனமோ வேண்டும். சான்றளிப்பு கூட்டாளிகள் இல்லாமல் நகராது என்பதற்கு இதைவிடத் தெளிவான இடம் வேறில்லை.

கூட்டு முயற்சியின் நல்ல முன்னுதாரணம் சபாவில் உள்ளது. 55,000 ஹெக்டேர் பரப்புள்ள டெராமகோட் காட்டை 1989-ல் சபா வனத்துறையும் ஜெர்மன் தொழில்நுட்ப ஒத்துழைப்பு நிறுவனமான ஜி.டி.இசட்டும் சேர்ந்து எடுத்துக்கொண்டன. கண்டபடி வெட்டப்பட்டுச் சீரழிந்திருந்த காடு அது. 1997-ல் அதற்கு எஃப்.எஸ்.சி. சான்று கிடைத்தது; வெப்பமண்டல இயற்கைக் காடுகளில் மிக முன்னதாகச் சான்று பெற்றவற்றில் ஒன்று. இன்றும் அங்கே மரம் வெட்டுகிறார்கள், ஒராங் ஊத்தானும் வாழ்கிறது.

சிலாங்கூரின் உதாரணம் இன்னும் பக்கத்தில் இருக்கிறது. பெஸ்தாரி ஜெயாவை அடுத்து வட சிலாங்கூர் சதுப்புக்காடு சுமார் 80,000 ஹெக்டேர் விரிகிறது. அங்கே மண் என்பது ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நீரில் கிடந்து முழுதும் மட்காமல் அடுக்கடுக்காய்ச் சேர்ந்த இலையும் தழையும் வேரும். ஈரம் இருக்கும்வரை அது பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்து, தஞ்சோங் காராங் நெல் வயல்களுக்கு மெல்ல விடும். முன்பு மரக்கட்டைகளை மிதக்கவிட்டுக் கொண்டுபோகக் கால்வாய் வெட்டினார்கள். கால்வாய் நீரை வடித்தது, காய்ந்த மண் தீப்பிடித்தது, புகை கோலாலம்பூர் வரை வந்தது. 2008 முதல் ராஜா மூசா காப்புக்காட்டில் சிலாங்கூர் வனத்துறையும் பெட்டாலிங் ஜெயாவில் இயங்கும் உலகச் சுற்றுச்சூழல் மையமும் சேர்ந்து கால்வாய்களை அடைத்து நீர்மட்டத்தை உயர்த்துகின்றன. அக்கம்பக்கத்துக் கிராமத்தார் மஹாங் மர நாற்றுகளை வளர்க்கிறார்கள். தனியார் நிறுவனங்கள் பணமும் ஆளும் தருகின்றன. மரத்தை நடுவதைவிடத் தண்ணீரை நிறுத்துவதே பெரிய வேலை. நீர் நின்றால் காடு தானே திரும்பும்.

சான்றிதழால் முடியாததையும் சொல்லவேண்டும். மலேசியாவில் நிலமும் காடும் மாநில அரசின் அதிகாரத்தில் உள்ளவை. ஒரு காப்புக்காட்டை மாநில அரசு அரசிதழிலிருந்து நீக்கிவிட்டால் அது காடே இல்லை என்றாகிவிடும். காடே இல்லாத இடத்தில் தணிக்கைக்கு என்ன வேலை? 1927-ல் அறிவிக்கப்பட்ட கோல லங்காட் வடக்குக் காப்புக்காடு பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகக் குறைந்து ஆயிரம் ஹெக்டேருக்கும் கீழே வந்திருந்தது. 2020 பிப்ரவரியில் அதிலும் சுமார் 930 ஹெக்டேரை நீக்கும் அறிவிப்பு நாளிதழில் வந்தது. காப்புக்காட்டை நீக்குமுன் பொதுமக்களிடம் கேட்கவேண்டும் என்று சிலாங்கூர் தன் வனச் சட்டத்தில் ஒரு விதி வைத்திருந்தது. அந்த விதிதான் வாசலைத் திறந்தது. காட்டை ஒட்டி வாழும் தெமுவான் பூர்வகுடிகளும் நகரத்து ஆர்வலர்களும் சேர்ந்து 40,000-க்கு மேற்பட்ட ஆட்சேபங்களைக் கொடுத்தார்கள். இருந்தும் 536 ஹெக்டேர் நீக்கப்பட்டது 2021 ஆகஸ்டில் வெளியே தெரிந்தது. எதிர்ப்பு கொதித்தது. செப்டம்பர் 8-ல் மந்திரி பெசார் அந்த முடிவை ரத்து செய்வதாக அறிவித்தார்.

சான்று பெற்ற காட்டிலும் தகராறு வருவதுண்டு. சரவாக்கின் பாராமில், தங்களிடம் சரியாகக் கேட்காமல் சான்று வழங்கியதாகக் கென்யாஹ், பெனான் பூர்வகுடிகள் புகார் செய்தார்கள். அதை வெளியிட்ட சேவ் ரிவர்ஸ் அமைப்பின் மீது மரக் கம்பெனி ஒன்று 2021-ல் அவதூறு வழக்குப் போட்டு, 2023-ல் திரும்பப் பெற்றது. புகார் சொல்பவரை நீதிமன்றத்துக்கு இழுப்பது சான்றளிப்பின் வேரையே அறுக்கும் செயல். காட்டில் வாழ்பவர் வாய்திறக்க அஞ்சினால், வருடத்துக்கு ஒருமுறை வந்துபோகும் தணிக்கையாளருக்கு யார் உண்மையைச் சொல்வது?

2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் இன்னொரு படி போயிற்று. மரம், ரப்பர், செம்பனை எண்ணெய் உள்ளிட்ட பொருள்கள் 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு அழிக்கப்பட்ட காட்டிலிருந்து வரவில்லை என்பதை, விளைந்த நிலத்தின் இருப்பிடக் குறிப்போடு நிரூபிக்கவேண்டும் என்று சட்டம் இயற்றியது. சான்றிதழ் அதற்கு உதவும்; ஆனால் சான்றிதழ் மட்டும் போதாது என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அமலாகும் தேதி தள்ளிப்போனாலும், கித்தா வைத்திருக்கும் சிறு தோட்டக்காரர் தன் நிலத்தை வரைபடத்தில் காட்டவேண்டிய நாள் வந்துகொண்டிருக்கிறது.

வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்பதால் ஏற்றுமதிக்குப் போகும் மேசைக்குச் சான்று கிடைக்கிறது. உள்ளூர்க் கடைகளில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் மிகக் குறைவு. கிள்ளானிலோ சுங்கை பூலோவிலோ கட்டிலும் கதவும் வாங்கப் போகிறவர்கள், மரத்துக்குச் சான்றிதழ் உண்டா, எண் பில்லில் வருமா என்று கேளுங்கள். அந்த எண்ணை எஃப்.எஸ்.சி., பி.இ.எஃப்.சி. இணையப் பதிவேடுகளில் யார் வேண்டுமானாலும் இலவசமாகச் சரிபார்க்கலாம். சிலாங்கூரில் காப்புக்காட்டை நீக்கும் அறிவிப்பு நாளிதழில் வந்தால், கெடு முடிவதற்குள் உங்கள் ஆட்சேபத்தையும் எழுதி அனுப்புங்கள்.