கடுகளவு குறை

ஹட்டன் பஸாரில் வாப்பா லேத் பட்டறை வைத்திருந்த காலம். ஒரு நாள் பக்கத்துத் தோட்டத்து டீமேக்கர், ரோலரை ஓட்டும் தண்டு இரண்டு துண்டாகிப்போனதைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஸ்டோரில் கொழுந்து தேங்கிக் கிடந்தது. "நானா, ஒட்ட வச்சுத் தாங்க. இன்னைக்கே ஓடணும்."

வாப்பா முறிந்த முகத்தைத் துடைத்துக் காட்டினார். ஓரத்தில் ஒரு சின்னக் குழி, பழைய வெல்டிங்கில் விட்டுப்போனது. அதைச் சுற்றி விசிறிபோல வழவழப்பான வளையங்கள். எஞ்சிய இடம் மட்டும் கரடுமுரடு. "இது இன்னைக்கு முறியல்ல ஐயா. நாள்கணக்கா முறிஞ்சுக்கிட்டே இருந்திருக்கு."

பொறியியல் படித்தபோதுதான் அதன் கணக்கு எனக்கு விளங்கியது. பெல்ட் இழுக்கும் தண்டின் மேற்பரப்பு ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை இழுபடும், ஒருமுறை அழுத்தப்படும். நிமிடத்துக்கு 150 சுற்று, நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 90,000 தடவை. ஏறக்குறைய நான்கு மாதத்தில் ஒரு கோடி. ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும் இப்படித் திரும்பத் திரும்ப வந்தால் முறித்துவிடும். இதுவே உலோகக் களைப்பு.

குறையற்ற சாதாரண உருக்கு, விக்கர்ஸ் கடினத்தன்மையின் சுமார் 1.6 மடங்கைத் தாங்கும். கடினத்தன்மை 180 என்றால் 288 மெகாபாஸ்கல். குறையுள்ள உருக்குக்கு, ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகப் பேராசிரியர் யுகிடக்கா முரகாமி 1980களில் எளிய வழியொன்று தந்தார். குழியோ கீறலோ, எல்லாவற்றையும் விரிசலாகவே கொள்ள வேண்டும். இழுவிசைக்குக் குறுக்காகப் பார்த்தால் தெரியும் அதன் பரப்பை மட்டும் அளக்க வேண்டும். கடினத்தன்மையோடு 120ஐக் கூட்டி, 1.43ஆல் பெருக்கி, அந்தப் பரப்பின் வர்க்கமூலத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து, அதன் ஆறாம் மூலத்தால் வகுத்தால் மேற்பரப்புக் குறைக்கான விடை கிடைக்கும்.

பாதிக் கடுகு புதைந்தாற்போல் 0.8 மில்லிமீட்டர் ஆழமுள்ள குழிக்கு அந்த வர்க்கமூலம் 1,000. விடை 136, பலம் பாதிக்கும் கீழே போய்விட்டது. குழியின் ஆழத்தையும் அகலத்தையும் பத்திலொன்றாகக் குறைத்தாலும் 199தான்.

இன்னொன்றும் உண்டு. இந்த எல்லைக்குக் கீழேயும் குழியோரத்தில் விரிசல் பிறக்கலாம். பிறந்து, சற்று வளர்ந்து, நின்றுவிடும். விரிசல் பிறக்காத சுமையல்ல, பிறந்த விரிசல் வளராத சுமையே எல்லை.

வாப்பா இந்தக் கணக்குப் படித்தவரல்ல. ஆனாலும் ஒட்ட மறுத்துப் புதுத் தண்டு கடைந்தார். அன்றைய கொழுந்து வீணாயிற்று, டீமேக்கர் கோபித்துக்கொண்டார். "ரோலர் பக்கத்துல ஆள் நிக்குதே," என்பதோடு வாப்பா நிறுத்திக்கொண்டார்.

ஸ்டோரில் வேலை செய்வோருக்கு ஒரு வார்த்தை: தண்டைக் கழற்றும்போது மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்து, சுண்ணப் பொடி தடவிப் பாருங்கள். மேற்பரப்பில் விரிசல் இருந்தால் எண்ணெய் கசிந்து கோடாகத் தெரியும். தெரிந்தால், ஒட்டாதீர்கள்.