கச்சேரிக்கு என்ன கேட்பது?

கல்யாண வரவேற்பில் இரண்டரை மணி நேரம் வயலினோ வீணையோ குழலோ வாசிக்க ஒருவர் வேண்டுமென்று மணமகளின் தகப்பனார் தொலைபேசியில் விசாரித்து, நாள், மண்டபம், பாட்டு எல்லாவற்றையும் பேசி முடித்த பிறகு, "சரி தம்பி, உங்களுக்கு என்ன கொடுக்கணும்?" என்று கேட்கும்போது, கல்யாணியை அரை மணி நேரம் தடுமாற்றமின்றி ஆலாபனை செய்யக்கூடிய வித்வானுக்கும் நா எழுவதில்லை. "நீங்க பார்த்துக் கொடுங்க சார்" என்று சொல்லிவிடுகிறார். அந்தப் பதிலில் பணிவு உண்டு. கலையை விலை பேசலாகாது என்ற நல்ல எண்ணமும் உண்டு. ஆயினும், பக்கவாத்தியமோ குழுவோ இல்லாமல் தாம் ஒருவராகவே உள்ளூர் நிகழ்ச்சிகளில் வாசித்து ஜீவனம் நடத்துகிறவர்களுடைய கஷ்டங்களில் பெரும்பகுதி அங்கிருந்துதான் ஆரம்பமாகிறது என்பது என் உறுதியான அபிப்பிராயம். கொடுப்பவருக்கும் அதனால் நன்மை இல்லை. எவ்வளவு கொடுத்தால் நியாயம் என்பது அவருக்குத் தெரியாது. பந்தல்காரரும் பூ அலங்காரக்காரரும் சமையல்காரரும் கணக்குச் சொல்லி வாங்கிக்கொண்டு போன பிறகு, கையில் மிஞ்சியதை ஒரு கவரில் வைத்து, குறைவோ என்ற சங்கோசத்துடனேயே அவர் நீட்ட வேண்டியிருக்கிறது.

சங்கீதத்துக்குப் பணம் பேசுவது நம் சம்பிரதாயத்துக்கு விரோதம் என்பவர்கள் தியாகராஜ சுவாமிகளை உதாரணம் காட்டுவார்கள். தஞ்சை மன்னர் சரபோஜி தந்த வெகுமதியை வேண்டாமென்று தள்ளிவிட்டு, திருவையாற்று வீதிகளில் உஞ்சவிருத்தி எடுத்து அவர் வாழ்ந்தார் என்று பரம்பரையாக வழங்கும் சரித்திரத்தை நாமும் கை கூப்பியே கேட்கிறோம். ஆனால் அது ஒரு மகான் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட விரதம். குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய மற்றொருவர் தலையில் அதைச் சுமத்த நமக்கு அதிகாரம் கிடையாது. அதே தஞ்சையில், அவருக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு, முதலாம் ராஜராஜ சோழன் பெரிய கோயிலில் வெட்டுவித்த சாசனத்தைப் பார்த்தால் நம்முடைய சம்பிரதாயம் எது என்பது விளங்கும். கோயிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்டுகளுக்கு ஆளுக்கு ஒரு வீடும் ஒரு பங்கும். பங்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். நட்டுவம் செய்கிறவர்களுக்கு இரண்டு பங்கு. பாடுவோர்க்கும் வாத்தியக்காரர்களுக்கும் அவரவர் தொழிலுக்குத் தக்கபடி பங்கு என்று, எவரும் வாசிக்கும்படி கல்லிலே எழுதிவைத்தார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய உறவினர் அந்தப் பங்கைப் பெற்றுப் பணியைத் தொடர வேண்டும் என்றும், உறவினருக்கு யோக்கியதை இல்லாவிட்டால் யோக்கியதையுள்ளவரை அமர்த்த வேண்டும் என்றும் அதில் விதி இருக்கிறது. ஊதியத்தைத் தெளிவாகச் சொல்லுவதில் அந்தச் சக்கரவர்த்தி கூச்சப்படவில்லை.

அந்தச் சாசனத்தில் இன்றைய கலைஞர் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது வேறொன்று. நூறு கலம் என்பது ஒரு நாள் ஆட்டத்துக்கோ ஒரு வேளைப் பாட்டுக்கோ அளக்கப்பட்டதன்று. வருஷம் முழுவதற்கும் அளக்கப்பட்டது. உற்சவம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுப்பு எரிந்தது. பின்னாளில் கோயில் நாகஸ்வரக்காரருக்கும் தவில்காரருக்கும் விடப்பட்ட மானிய நிலங்களும் இதே காரியத்தைத்தான் செய்தன. இன்று கல்யாண மண்டபங்களையும் பிறந்தநாள் விழாக்களையும் நம்பி வாழ்கிற தனிக் கலைஞருக்கு மானியமும் இல்லை, மாதச் சம்பளமும் இல்லை. ஆகையால் முன்பு நிலம் சுமந்த பாரத்தை ஒவ்வொரு கச்சேரியின் சன்மானமும் சுமந்தாக வேண்டும். இரண்டரை மணி நேரத்துக்கு இவ்வளவா என்று வியக்கிறவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய உண்மை இது.

நம் ஊர்க் கலைஞருடைய வருஷம் ஒரு சீரான வருஷம் அன்று. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. புரட்டாசியையும் பல குடும்பங்கள் தவிர்க்கின்றன. தை, வைகாசி, ஆவணி மாதங்களிலோ, வளர்பிறை முகூர்த்தம் ஒன்றுக்கு நான்கு வீட்டார் அழைப்பார்கள். போக முடிந்தது ஒரு வீட்டுக்குத்தான். மற்ற மூன்றும் அவருக்கு நஷ்டம் என்று எவரும் கணக்கில் எழுதுவதில்லை.

எனவே கணக்கை வருஷத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஓர் உதாரணத்துக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். குடும்பச் செலவு மாதம் ரூ.25,000 என்றால் வருஷத்துக்கு ரூ.3,00,000. வாத்தியப் பராமரிப்பு, மைக், ஒலிபெருக்கி, தொலைபேசி, மேடைக்குரிய உடை இவற்றுக்கு ரூ.60,000. ஆக மொத்தம் ரூ.3,60,000. வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் ரூ.1,20,000 வருவதாகக் கொண்டால், கச்சேரிகள் ஈட்ட வேண்டியது ரூ.2,40,000. சென்ற இரண்டு மூன்று வருஷங்களின் டைரியைப் புரட்டி, ஆசைப்படுகிற எண்ணிக்கையை விட்டு, உண்மையிலேயே நடந்த நிகழ்ச்சிகளை எண்ணினால் வருஷத்துக்கு 48 என்று வருகிறது. அப்படியானால் ஒன்றுக்கு ரூ.5,000. நோய்க்கும் முதுமைக்கும் என்று ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் ரூ.6,000. போக்குவரத்து இதில் சேராது. இந்தத் தொகைக்குக் கீழே வாசிக்க இசைகிற ஒவ்வொரு முறையும், தம் வீட்டுப் பணத்தை எடுத்து அந்தக் கல்யாணத்துக்கு மொய் எழுதுகிறார் என்றே கொள்ள வேண்டும். சென்னையில் வாடகை வீட்டில் இருப்பவருக்கும் கும்பகோணத்தில் சொந்த வீட்டில் இருப்பவருக்கும் எண்கள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது.

கேட்பவர்கள் காண்பது ஆறரை மணியிலிருந்து ஒன்பது மணி வரை. கலைஞர் பிற்பகல் மூன்று மணிக்கே கிளம்புகிறார். மண்டபத்தில் மைக்காரர் வரும் வரை காத்திருந்து, சுருதி சேர்த்து, சத்தத்தைச் சரிபார்த்து, எல்லாம் முடிந்து வாத்தியத்தைப் பத்திரமாக வீடு கொண்டு சேர்க்கும்போது நள்ளிரவை நெருங்கிவிடுகிறது. மணப்பெண் ஆசைப்பட்ட புதுச் சினிமாப் பாட்டு ஒன்றைக் கேட்டு, ஸ்வரப்படுத்தி, வாத்தியத்துக்கேற்ப இழைத்துக்கொள்ள முந்தின இரண்டு இரவுகள் போயிருக்கும். வாத்தியமோ சும்மா இருப்பதில்லை. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின் மேல் நிற்பவை; வெயிலிலும் பிரயாணத்திலும் மெழுகு இளகி ஸ்வரஸ்தானம் விலகினால், தேர்ந்த கைவினைஞரிடம் கொடுத்து மெட்டுகளை மறுபடி பதித்து மேளம் கட்ட வேண்டும்; அதுவரை வேறு கச்சேரி ஒப்புக்கொள்ள இயலாது. வயலினுக்குத் தந்தியும் வில்லின் குதிரை மயிரும் தேய்மானப் பொருள்கள். குழலுக்கு ஒன்றல்ல, சுருதிக்கு ஒன்றாகப் பல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எவரும் கேளாத தினசரிச் சாதகம் இருக்கிறது. கச்சேரி இல்லாத ஆடி மாதத்தில் அது நின்றுபோனால், ஆவணியில் வாசிக்கிற கை வேறு கையாக இருக்கும்.

கணக்கிட்டுக் கண்டது அடிவிலை. அதற்கு மேல் எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு அதே ஊரில் அதே தரத்தில் வாசிக்கிற சகக் கலைஞர்களை விசாரிப்பதைவிட நல்ல வழி இல்லை. இந்த விஷயத்தில் நம்மவர்கள் ஒருவருக்கொருவர் மறைத்துக்கொள்ளுவது ஏற்பாட்டாளர்களுக்கு மட்டுமே உபகாரமாக முடிகிறது. அகில இந்திய வானொலி, கலைஞர்களைப் பரீட்சித்து 'பி', 'பி ஹை', 'ஏ', 'டாப்' என்று தரம் பிரித்து, அந்தத் தரப்படி ஊதியம் வழங்குகிறது. அந்தத் தரம் கையில் இருந்தால் பேசுவதற்கு ஓர் ஆதாரம் ஆகும். ஆனால் வித்வத்தை அளக்க ஏற்பட்ட அந்தத் தராசு, கல்யாணக் கூட்டத்தின் சந்தடியில் மூன்று மணி நேரம் முகம் சுளிக்காமல் வாசிக்கிற திறமையை அளக்காது.

வீட்டைப் பார்த்து விலை சொல்லுவது எனக்குச் சம்மதமில்லை. காரைப் பார்த்து உயர்த்துவதும் ஓட்டு வீட்டைப் பார்த்துத் தாழ்த்துவதும் பழகிவிட்டால், நம் உழைப்புக்கு நாமே மதிப்பு வைக்கத் தெரியாதவர்களாகிவிடுவோம். இரண்டு வீட்டாரும் என்றாவது ஒரு நாள் சந்தித்துப் பேசத்தான் போகிறார்கள். பெரிய மண்டபத்துக்குக் கூடுதல் ஒலிக்கருவி, வெளியூருக்குக் கூடுதல் நாள், அதிக நேரத்துக்கு அதிகத் தொகை என்று காரணத்தோடு மாறுவதே நியாயம். ஏழை வீட்டுக் கல்யாணத்துக்கோ தம் ஊர்க் கோயில் உற்சவத்துக்கோ குறைத்து வாசிக்க விரும்பினால் அது உத்தமமான காரியம். அப்போதும், "என்னோட வழக்கமான சன்மானம் ஆறாயிரம்மா, உங்களுக்காக நாலாயிரம் போதும்" என்று முழுத் தொகையைச் சொல்லிவிட்டுத்தான் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த நாலாயிரமே அவருடைய விலை என்று அந்த வீதி முழுவதும் நிலைத்துவிடும்.

தொகைக்கு அடுத்தபடி நிபந்தனைகள். வெற்றிலை பாக்கோடு அச்சாரம் கொடுத்து மேளம் பேசுகிற பழக்கம் நம் தாத்தாக்கள் காலத்து மரியாதை. அது இருதரப்பையும் கட்டியது. இன்று மூன்றில் ஒரு பங்கையாவது முன்பணமாக வாங்கிக்கொண்டு, நாள், நேரம், இடம், மொத்தத் தொகை, மைக் யாருடையது, மீதிப் பணத்தை யார் தருவார் என்பவற்றைக் கைப்பேசியில் நாலு வரியாக எழுதி அனுப்பிச் சம்மதம் வாங்கிவிட்டால் அதுவே போதுமான பத்திரம். முகூர்த்தத்துக்கு நேரம் உண்டு, வரவேற்புக்கு இல்லை. மாப்பிள்ளை அழைப்பு தாமதமாகி, ஒன்பது மணிக்கு முடிய வேண்டியது பதினொன்றாகும்போது, கூடுதலான ஒவ்வோர் அரை மணிக்கும் இவ்வளவு என்று முன்பே சொல்லியிருந்தால் அந்த இரவில் மனஸ்தாபம் நேராது. வீட்டில் துக்கம் நேர்ந்து கல்யாணம் தள்ளிப்போனால், முன்பணத்தை அடுத்த தேதிக்கு வைத்துக்கொள்ளுவதே மனிதத் தன்மை. காரணமின்றிக் கடைசி வாரத்தில் ரத்து செய்தால் திருப்பித் தர வேண்டியதில்லை. மீதியை மேடையிலிருந்து இறங்கியதும் வாங்கிக்கொள்ள வேண்டும். பெண்ணின் தகப்பனார் அந்த நேரத்தில் பந்தியிலும் சம்பந்தி உபசாரத்திலும் மூழ்கியிருப்பார். அவரைத் தேடித் தூணருகில் நிற்கும்படி கலைஞரை விடலாகாது. பணத்தைத் தர ஒரு மைத்துனரையோ சித்தப்பாவையோ முன்கூட்டியே குறித்துவிடலாம். இரவுச் சாப்பாட்டையும் கூசாமல் கேட்கலாம். நாகஸ்வரக்காரர்கள் நின்றபடி வாசித்த காலத்தில் மேடையில் சரியாசனம் வேண்டுமென்று போராடிய திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956), மரியாதையும் சன்மானத்தின் ஓர் அங்கம் என்பதைத் தம் வாழ்க்கையால் காட்டினார்.

கான்ட்ராக்டர் மூலம் வரும் நிகழ்ச்சிகளில், வீட்டாரிடம் அவர் என்ன வாங்குகிறார் என்பது கலைஞருக்குத் தெரிவதில்லை. வேலை தேடித் தருகிறவருக்குப் பங்கு உண்டு என்பது நியாயமே. அந்தப் பங்கு அடிவிலையைக் கடித்துக்கொண்டு போகக் கூடாது. நிரம்பிய முகூர்த்த நாளில் தாராளமாக மறுத்துவிடலாம். வெறும் நாளில் வந்தால் யோசிக்கலாம்.

இளைஞர்களைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. "இப்ப பணம் எதுவும் இல்லை தம்பி, ஆனா நல்ல சந்தர்ப்பம், நாலு பேர் பார்ப்பாங்க" என்று அழைக்கப்படாத இளம் வித்வான் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அந்த நாலு பேர் யார் என்று கேட்கலாம். கேட்கும் சபை உண்மையாக இருந்து, அழைப்பவரும் எந்த லாபமும் அடையாமல் இருந்தால், போய் வாசிப்பதில் தவறில்லை. டிக்கெட் விற்று, விளம்பரதாரரிடம் பணம் பெற்று, பந்தல்காரருக்குக் கொடுத்து, வாசிப்பவருக்கு மட்டும் இல்லையென்றால், அது சந்தர்ப்பம் ஆகாது. வருஷத்துக்கு இத்தனை நிகழ்ச்சி தர்மமாக வாசிப்பேன் என்று ஓர் எண்ணிக்கையைத் தாமே நிர்ணயித்துக்கொண்டு, அவற்றைத் தமக்குப் பிரியமான கோயிலுக்கும் பள்ளிக்கும் ஆசிரமத்துக்கும் கொடுத்துவிட்டால், மற்ற அழைப்புகளுக்கு மறுமொழி சொல்லுவது எளிதாகிவிடும். அறிமுகமாக வேண்டும் என்பதற்காகப் பாதி விலைக்கு வாசிக்கிறவர் மூத்தவர்களுடைய பிழைப்பைக் கெடுப்பது ஒருபுறமிருக்க, தம்முடைய எதிர்காலத்தையே கெடுத்துக்கொள்ளுகிறார். முதலில் சொன்ன தொகை ஒரு குடும்பத்திலிருந்து அதன் சம்பந்தி வீட்டுக்கும், அங்கிருந்து அலுவலக நண்பருக்கும் போய்விடுகிறது; பிறகு உயர்த்தும்போது, கூடியது கலையின் மதிப்பு என்று தோன்றாமல் பேராசை என்று தோன்றும்.

உயர்த்தாமலும் இருக்க முடியாது. அரிசி விலையும் வாடகையும் தந்தியின் விலையும் ஏறிக்கொண்டே இருக்கையில், ஐந்து வருஷம் ஒரே தொகை வாங்குகிறவர் ஒவ்வொரு வருஷமும் குறைத்துக்கொண்டு வருகிறவரே ஆவார். நிகழ்ச்சிகள் இல்லாத ஆடி மாதம் இதற்கு ஏற்ற காலம். டைரியை எடுத்து வைத்துக்கொண்டு, நடந்தவை எத்தனை, வந்தது எவ்வளவு, வாத்தியத்துக்குச் செலவானது எவ்வளவு என்று பார்த்து, ஆவணி முதல் வழங்கப்போகிற புதுத் தொகையைத் தீர்மானிக்கலாம். வழக்கமாக அழைக்கிற வீட்டாருக்கும் கான்ட்ராக்டர்களுக்கும் அதை ஆடி முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும். முன்பே அச்சாரம் வாங்கிய கல்யாணங்களை மட்டும் பழைய தொகைக்கே வாசித்துக் கொடுத்துவிட வேண்டும்.