இரகசிய விடுதலை போதுமா?

அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைப் பிரசங்கிக்கையில் நாம் பெரும்பாலும் பூமியதிர்ச்சியோடும் சிறைச்சாலைக்காரனின் ஞானஸ்நானத்தோடும் நின்றுவிடுகிறோம். மறுநாட்காலையில் நிகழ்ந்தது நம் கவனத்துக்குத் தப்பிவிடுகிறது. பவுலையும் சீலாவையும் விட்டுவிடுமாறு அதிகாரிகள் சேவகர் மூலம் சொல்லியனுப்புகின்றனர். பவுலோ புறப்பட மறுக்கிறார். விசாரணையின்றி யாவரறியத் தங்களை அடித்தவர்கள் இப்போது ஓசையின்றி அனுப்பிவிடுவது தகாது. அவர்களே நேரில் வரவேண்டும் என்கிறார். விடுதலை வேறு, நீதி வேறு என்பது இங்கே துலங்குகிறது.

இவ்வேறுபாட்டை அண்மைக் காலத்தில் தெளிவாகக் காட்டியது அமெரிக்காவின் 'வில்மிங்டன் பதின்மர்' வழக்கு. வட கரோலினா மாநிலத்தின் துறைமுக நகரமான வில்மிங்டனில், பள்ளிகளில் இனப்பிரிவினை நீக்கப்பட்டபோது இன்னல்களுக்குள்ளான கறுப்பின மாணவர் 1971இல் பள்ளிகளைப் புறக்கணித்தனர். கிரெகரி காங்கிரிகேஷனல் ஆலயம் அவர்கள் கூடுமிடமாயிற்று. கிறிஸ்துவின் ஐக்கிய திருச்சபை தன் இனநீதி ஆணைக்குழுவின் சார்பில் பெஞ்சமின் சேவிஸ் என்னும் 23 வயது இளைஞரை அங்கு அனுப்பியது. பிப்ரவரி 6ஆம் நாள் அருகிலிருந்த மளிகைக்கடை ஒன்று தீக்கிரையாயிற்று. அதன்பேரில் சேவிஸும், கறுப்பின இளைஞர் எண்மரும், வெள்ளை இனப் பெண்மணி ஒருவரும் 1972இல் தண்டிக்கப்பட்டனர். தண்டனைகளின் கூட்டுத்தொகை 282 ஆண்டுகள்!

முக்கிய சாட்சிகள் மூவரும் 1976, 1977 ஆண்டுகளில் தாங்கள் சொன்னது பொய் என்று ஒப்புக்கொண்டனர். சாட்சி சொன்ன சிறுவன் ஒருவனுக்கு அரசுத்தரப்பிலிருந்து சிறிய மோட்டார் சைக்கிள் கிடைத்திருந்தது.

அத்திருச்சபை சிறைக்குச் சென்று ஜெபித்துத் திரும்புவதோடு அமையவில்லை. ஜாமீன் தொகை திரட்டிற்று. வழக்கை இறுதிவரை நடத்தத் துணைநின்றது. நம் சிறை ஊழியமோ கிறிஸ்துமஸ் காலத்துப் பலகாரப் பொட்டலங்களைத் தாண்டுவது அரிது. கைதியின் வழக்கு எந்நிலையில் உள்ளது என்று கேட்கும் ஆயர் எத்தனை பேர்? சேவிஸ் சிறையிலிருந்தே டியூக் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்று 1980இல் பட்டம் பெற்றார். கைவிலங்கும் கால்விலங்குமாக அவரை வகுப்புக்கு அழைத்துச் சென்றனர். காலை வகுப்பைச் சுமையாகக் கருதும் நம் மாணவர் இதைச் சிந்திப்பாராக.

1978இல் ஆளுநர் ஜிம் ஹண்ட் தண்டனைக் காலத்தைக் குறைத்தார், குற்றத்தீர்ப்பை நீக்கவில்லை. பிலிப்பி அதிகாரிகள் சொல்லியனுப்பிய செய்தியும் இத்தகையதே: போகலாம், ஆனால் பிழை எங்களுடையதன்று. இயக்கத்தார் இதை ஏற்று ஓயவில்லை. எதிர்த்தரப்புக்குத் தரவேண்டிய சான்றுகளை அரசுத்தரப்பு மறைத்தது என்று கண்ட கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம், 1980 டிசம்பரில் தீர்ப்பைத் தள்ளுபடி செய்தது. அப்போதும் மாநில அரசு அவர்களைக் குற்றமற்றவர் என்று சொல்லவில்லை.

பின்னர் அரசு வழக்குரைஞரின் பழைய குறிப்புகள் வெளிப்பட்டன. கு கிளக்ஸ் கிளான் சார்புடையோரை ஜூரர்களாகக் கொள்ளுதல் நன்று என்னும் வகையில் அவற்றில் எழுதப்பட்டிருந்தது. 2012 டிசம்பர் 31இல் ஆளுநர் பெவர்லி பெர்டூ பதின்மரும் குற்றமற்றவர் என்று அறிவித்து மன்னிப்பு வழங்கினார். குற்றம் செய்யாதவர்க்கு மன்னிப்பு எதற்கு என்று வினவலாம். ஆனால் அவர்களைக் குற்றமற்றவர் என அரசே அறிவிப்பதற்கு அம்மாநிலச் சட்டத்தில் இருந்த வழி அதுவே. அதைக் கேட்கப் பதின்மரில் அறுவரே உயிரோடிருந்தனர்.