தொழிலாளியின் வக்கீல்கள் – 9: வாய்தாவோடு ஒரு மல்லுக்கட்டு

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் சாலையில் கிளம்பினால், பால்பண்ணை தாண்டியதும் அரியமங்கலம். 1951இல் தொடங்கிய சேஷசாயி பாலிடெக்னிக், சிறு பட்டறைகள், லாரிகள், 47 ஏக்கரில் மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் பொன்மலை ரயில்வே பணிமனை. இன்னும் கிழக்கே போனால் திருவெறும்பூர், பெல், பெல்லை நம்பிப் பிழைக்கும் துவாக்குடிப் பட்டறைகள். வெல்டர், ஃபிட்டர், லோடுமேன், தூய்மைப் பணியாளர் என்று உடம்பை வைத்து வேலை பார்க்கும் மனிதர்கள் வாழும் வட்டாரம் இது. உடம்பில் ஒரு பாகம் போய்விட்டால் இங்கே ஒரு குடும்பத்தின் கணக்கே மாறிவிடும்.

அந்தக் கணக்கைச் சட்டமும் போட்டு வைத்திருக்கிறது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையை எடுத்துப் பாருங்கள். கட்டைவிரல் முழுதாகப் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 சதவீத இழப்பு. ஆள்காட்டி விரலுக்கு 14. நடுவிரலுக்கு 12. ஒரு கண் போய் மற்றது நன்றாக இருந்தால் 40. மணிக்கட்டோடு ஒரு கை போனால் 60. முதன்முறை படிப்பவருக்கு வயிற்றைப் பிசையும். ஆனால் விபத்து நடந்த வீட்டில், அழுகை அடங்கிய பிறகு, இந்த எண்தான் சோறு போட வேண்டும்.

40 வயதுத் தொழிலாளி ஒருவர் வேலையில் இறந்தால் அந்தச் சட்டப்படி இழப்பீடு எவ்வளவு? மாதச் சம்பளத்தில் பாதியை, அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் காரணியான 184.17ஆல் பெருக்க வேண்டும். கணக்கில் எடுத்துக்கொள்ளும் சம்பளத்துக்கு 2020 ஜனவரியில் 15,000 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். ஆகவே 25,000 வாங்கியவருக்கும் 15,000தான் கணக்கு. வருவது 13,81,275 ரூபாய். அதே வயதில் கட்டைவிரலை மட்டும் இயந்திரத்துக்குக் கொடுத்தவருக்கு 4,97,259. ஒரு மாதத்துக்குள் முதலாளி பணத்தைக் கட்டாவிட்டால் 12 சதவீத வட்டி. தக்க காரணமின்றி இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம்.

சட்டப் புத்தகத்தில் இவ்வளவு தெளிவு இருந்தும் வக்கீல் எதற்கு என்று கேட்கலாம். பணிமனை வாசலில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும். விபத்து நடந்த அன்று மாலையே வருகைப் பதிவேட்டிலிருந்து பெயர் மாயமாகிவிடும். 'அவர் எங்கள் ஆளே இல்லை, கான்ட்ராக்டர் ஆள்' என்று கம்பெனி சொல்லும். கான்ட்ராக்டரோ, அன்றைக்கு அவர் வேலைக்கே வரவில்லை என்பார். பக்கத்து இயந்திரத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர் சாட்சி சொல்ல வர மாட்டார்; நாளைக்கு அவருக்கும் அங்கேதானே வேலை? கான்ட்ராக்டர் ஆளானாலும் முதன்மை முதலாளி பொறுப்பேற்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொன்னது. அந்தப் பிரிவை மேசையில் எடுத்து வைத்து, கேட் பாஸ், வங்கிக் கணக்கு, மருத்துவமனைச் சீட்டு என்று ஒவ்வொன்றாகக் கோத்து, இவர் இங்கேதான் வேலை பார்த்தார் என்று நிறுவ ஒருவர் வேண்டும்.

நல்ல வக்கீல் அட்டவணையையே தாண்டவும் செய்வார். ஒரு தச்சர் சினிமா அரங்கில் அலங்கார மரவேலை செய்துகொண்டிருந்தபோது விழுந்தார். இடது கையை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அட்டவணைப்படி அது நூற்றுக்கு நூறு இழப்பு ஆகாது என்பது முதலாளியின் வாதம். ஒற்றைக் கையால் எப்படித் தச்சு வேலை செய்வது என்பது எதிர்க் கேள்வி. 1975இல் உச்ச நீதிமன்றம் தச்சர் பக்கம் நின்றது: அவர் பார்த்த வேலையைப் பொறுத்தவரை இது முழு இழப்பு, இழப்பீடும் விபத்து நடந்த நாளிலிருந்தே கடன். பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கு என்று இன்றும் தொழிலாளர் வக்கீல்கள் எடுத்துக்காட்டுவது இதைத்தான்.

திருச்சிக்கும் இந்த வகை வக்கீல்களுக்கும் பழைய பந்தம் உண்டு. வ.உ.சிதம்பரம் பிள்ளை சட்டம் படித்தது திருச்சியில்தான். 1908இல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு அவர் தலைமை தாங்கினார். 1921இல் வக்கீல் அங்கியைத் தீயிலிட்டுத் தொழிலைத் துறந்த சிங்காரவேலர், 1928 ஜூலையில் தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின் முன்னணியில் நின்றார். நாகப்பட்டினத்திலும் போத்தனூரிலும் இருந்த பணிமனைகளைப் பொன்மலையில் ஒன்றாக்கி, 3,000க்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்ப நிர்வாகம் போட்ட திட்டமே அந்தப் போராட்டத்துக்குக் காரணம். அதையொட்டிய சதி வழக்கில் சிங்காரவேலருக்கு 10 ஆண்டு தண்டனை விதித்தார்கள். 1930இல் வெளியே வந்தார். பிறகு 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, பொன்மலையில் வேலைநிறுத்தம் செய்த ரயில்வே தொழிலாளர்கள் மீது மலபார் சிறப்புப் போலீஸ் சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் பொன்மலை சங்கத்திடலில் தொழிலாளர்கள் கூடுகிறார்கள்.

அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து ஆண்டு கழித்து, 1951இல், காவிரிக்கு அக்கரையில் ஸ்ரீரங்கத்தில் ஒரு நடுத்தர வர்க்கக் குடும்பத்தில் பிறந்தவர், பின்னாளில் தொழிலாளர் வக்கீலாகவும் நீதிபதியாகவும் ஆன கே.சந்துரு.

வளர்ந்தது சென்னையில். லயோலாவில் சேர்ந்தார், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். படிப்பைவிட அவரை இழுத்தது இந்திய மாணவர் சங்கம். தமிழ்நாடு முழுக்கச் சுற்றி, தொழிலாளர் வீடுகளிலும் விவசாயிகள் வீடுகளிலும் தங்கினார். சட்டப் புத்தகத்தைத் தொடுவதற்கு முன்பே, அந்தச் சட்டம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களுடைய திண்ணைகளில் படுத்து எழுந்தவர் அவர். 1971இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போலீஸ் தடியடிக்குப் பின் ஒரு மாணவர் இறந்துபோனதை விசாரித்த கமிஷன் முன் மாணவர்கள் தரப்பில் அவர் பேசினார். நீ வக்கீலாக வேண்டியவன் என்று அவரிடம் சொன்னது அந்தக் கமிஷனின் நீதிபதிதான். 1973இல் சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

படித்து முடித்ததும் போய்ச் சேர்ந்த இடம், சென்னையின் ராவ் அண்டு ரெட்டி அலுவலகம். அதன் பெயரில் இருக்கும் ராவ், பாரிஸ்டர் வி.ஜி.ராவ். அவர் செயலாளராக இருந்த மக்கள் கல்விச் சங்கத்தைச் சென்னை அரசு 1950இல் சட்டவிரோதமானது என்று அறிவித்தது. அவர் வழக்குப் போட்டு, 1952இல் உச்ச நீதிமன்றம் வரை சென்று வென்றார். சங்கம் அமைக்கும் உரிமை பற்றிப் பேசும்போதெல்லாம் இன்றும் அந்தத் தீர்ப்பு எழுந்து வரும். தொழிற்சங்கக்காரர்கள் தயங்காமல் படியேறி வந்த அந்த அலுவலகத்தில் சந்துரு எட்டு ஆண்டுகள் இருந்தார்.

தொழிலாளர் வக்கீலின் வேலை எங்கே தொடங்குகிறது என்பதை இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். தொழில் தகராறு சட்டத்தின் 36ஆம் பிரிவு, எதிர்த்தரப்பு சம்மதித்து நீதிமன்றமும் அனுமதித்தால் மட்டுமே தொழிலாளர் நீதிமன்றத்தில் வக்கீல் வாதாடலாம் என்று வைத்தது. பணம் உள்ளவன் பெரிய வக்கீலைக் கொண்டுவந்து நிறுத்திவிடக் கூடாது என்ற நல்லெண்ணம். அதனால் கீழே பல வழக்குகளைச் சங்கத் தலைவர்களே நடத்தினார்கள், ஜெயிக்கவும் செய்தார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான். தொழிலாளி வென்ற மறுமாதமே நிர்வாகம் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடும், ஸ்டே வாங்கும். வாய்தா மேல் வாய்தா. வேலையிழந்தவன் ஆட்டோ ஓட்டியோ மூட்டை தூக்கியோ காலம் தள்ளுவான்; ஒரு கட்டத்தில், கிடைத்ததைக் கொடுங்கள், போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவான். தாமதத்தைப் போல முதலாளிக்கு உதவிய வக்கீல் வேறு யாருமில்லை.

தொழிலாளர் சட்டத்தின் நல்ல திருத்தங்கள் பலவும் இந்தத் தாமதத்தை உடைக்க வந்தவைதான். 1965க்கு முன் தனி ஒரு தொழிலாளியின் பணிநீக்கம் தொழில் தகராறாகவே கருதப்படவில்லை, சங்கம் கையில் எடுத்தால்தான் உண்டு. அந்த ஆண்டு 2ஏ பிரிவு வந்தது. ஆனாலும் வழக்கை நீதிமன்றத்துக்கு அனுப்புவதா வேண்டாமா என்று அரசு முடிவு செய்யும் வரை காத்திருக்க வேண்டும். 1988இல் தமிழ்நாடு தானாக ஒரு திருத்தம் செய்து, சமரசம் முறிந்தால் தொழிலாளி நேரடியாகவே தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்று ஆக்கியது. நாடு முழுக்க அந்த உரிமை வர 2010 ஆயிற்று. 1984இல் நடைமுறைக்கு வந்த 17பி பிரிவு, மீண்டும் வேலை கொடு என்ற உத்தரவை எதிர்த்து மேலே போகும் முதலாளி, வழக்கு முடியும் வரை கடைசியாக வாங்கிய சம்பளத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. வாய்தாவுக்கு விலை வைத்த பிரிவு அது. சந்துரு போன்றவர்கள் உயர் நீதிமன்றத்தில் நின்று வாதாடிய தளம் இதுதான்.

தொழிலாளர் வழக்குகளோடு அவர் நிற்கவில்லை. 1993இல் கடலூர் மாவட்டம் முதனையைச் சேர்ந்த குறவர் சமூகத்து ராஜாக்கண்ணுவைத் திருட்டு வழக்கு என்று போலீஸ் பிடித்துப்போனது. அவர் திரும்பவே இல்லை. அவருடைய மனைவிக்காக ஆட்கொணர்வு மனு போட்டு வாதாடியவர் சந்துரு. இப்படிப்பட்ட மனித உரிமை வழக்குகளுக்கு அவர் கட்டணம் வாங்கியதில்லை. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்தால் அந்த வழக்கை ஊரே அறியும். காவலர்களுக்கு உயர் நீதிமன்றத்தில் தண்டனை உறுதியாக 13 ஆண்டுகள் ஆயின என்பது படம் பார்த்தவர்களுக்கும் அவ்வளவாக நினைவில் நிற்பதில்லை.

2006 ஜூலை 31ஆம் தேதி அவரே நீதிபதி நாற்காலியில் உட்கார்ந்தார். 'மை லார்ட்' வேண்டாம் என்றார். முன்னால் கோல் ஏந்தி நடக்கும் டவாலி வேண்டாம், துப்பாக்கிக் காவலும் வேண்டாம். செய்தித்தாள்கள் விரும்பி எழுதியது இதையெல்லாம்தான். ஆனால் நீதிமன்றத் தாழ்வாரத்தில் காத்துக் கிடந்தவர்களுக்கு உண்மையில் மாற்றம் தந்தது வேறொன்று: ஒரே சட்டக் கேள்வி எழும் வழக்குகளை வகை பிரித்து ஒன்றாகக் கட்டி எடுத்தார், வாதங்களைச் சுருக்கமாகக் கேட்டார். ஓய்வு பெறுவதற்குள், ஏழு ஆண்டுகூட நிறையாத காலத்தில், 96,000 வழக்குகளை முடித்தார். இவ்வளவு வேகத்தில் ஒவ்வொருவரின் குறையும் முழுதாகக் கேட்கப்பட்டிருக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால், முழுதாகக் கேட்கிறோம் என்று சொல்லியே 20 ஆண்டு இழுத்த வழக்குகளில் மனுதாரர் செத்துப்போய் வாரிசுகள் பெயர் சேர்ப்பதைப் பார்த்தவர்கள், அந்த வேகத்தின் அருமையை அறிவார்கள்.

எண்ணிக்கை மட்டுமல்ல. சத்துணவு மையப் பணியிடங்களில் இடஒதுக்கீடு வேண்டும் என்ற தீர்ப்பு, கிராமக் கோயிலில் பூசை செய்யப் பெண்ணுக்குத் தடையில்லை என்ற 2008ஆம் ஆண்டு உசிலம்பட்டிப் பகுதித் தீர்ப்பு, சாதி பார்க்காத பொது மயானம் பற்றிய தீர்ப்பு என்று பலவும் அவர் எழுதியவை. 2013 மார்ச் 8ஆம் தேதி ஓய்வு பெற்றபோது பிரிவு உபசார விழா வேண்டாம் என்று மறுத்தார். சொத்துக் கணக்கைத் தலைமை நீதிபதியிடம் கொடுத்தார். அரசு காரைத் திருப்பி அனுப்பிவிட்டு மின்சார ரயிலில் வீட்டுக்குப் போனார்.

அவர் ஓய்வு பெற்ற பிறகும் தாமதம் ஓய்ந்துவிடவில்லை. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளிக்கு அதிகாலை 3 மணி ஷிப்டு. 2003 ஏப்ரல் 22ஆம் தேதி மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்குச் சில கிலோமீட்டர் முன்பே விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் சுமார் 3.26 லட்சம் ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். வேலையிடத்துக்கு வெளியே நடந்தது என்று உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. வேலைக்குப் போகும் வழியும் வேலையோடு சேர்ந்ததுதான் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 29ஆம் தேதி தீர்ப்பளித்தது. 22 ஆண்டுகள். தகப்பனை இழந்த பிள்ளைகள் அதற்குள் வளர்ந்து ஆளாகியிருப்பார்கள்.

அதே ஆண்டு நவம்பர் 21ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நடக்கும் விபத்தை வேலையில் நடந்த விபத்தாகவே கருத வேண்டும் என்று அது எழுத்திலேயே சொல்கிறது. நேரமும் இடமும் சூழ்நிலையும் வேலையோடு தொடர்புடையவை என்று காட்ட வேண்டும், அவ்வளவுதான். தொகுப்பின் மற்றப் பல பகுதிகளைத் தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்க்கின்றன. அந்தச் சண்டையை இத்தொடரில் பின்னர் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கும். இந்தப் பிரிவு மட்டும் அரியமங்கலத்துக்காரர்களுக்குப் பயன்படக்கூடியது. பால்பண்ணையிலிருந்து துவாக்குடி வரை சர்வீஸ் ரோடு கேட்டு இந்தச் சாலையோர மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறார்கள். நெடுஞ்சாலை லாரிகளும் ஷிப்டுக்கு விரையும் இருசக்கர வாகனங்களும் ஒரே தாரில் ஓடுகின்றன.

அப்படி ஒரு விபத்தில் சிக்கியவரின் குடும்பம் வக்கீலிடம் வந்ததும் எழும் முதல் கேள்வி, எந்தக் கதவைத் தட்டுவது என்பது. இ.எஸ்.ஐ. இருந்தால் இழப்பீட்டு ஆணையரிடம் போக முடியாது. இல்லாவிட்டால் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம், இழப்பீட்டு ஆணையர் என்று இரண்டு வழி; ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 167ஆம் பிரிவு. எதில் தொகை கூடும், எது சீக்கிரம் முடியும், வக்கீல் கட்டணமாக எவ்வளவு போகும் என்ற கணக்கை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)