கணக்கிற்கு எட்டாததை அணுக்களிடம் கேட்டல்

1911 ஆம் ஆண்டில் ஒல்லாந்து தேசத்தின் இலெய்டன் நகரிலே கமர்லிங் ஒன்னஸ் என்னும் பேராசிரியர் இரசத்தை மேன்மேலும் குளிரூட்டி, அதனூடே மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 269 பாகை சதமவளவை வரை இறங்கியபொழுது, இரசத்தின் மின்றடை படிப்படியாகக் குறையாமல், ஒரேயடியாக மறைந்து போயிற்று. எந்தக் கம்பியிலும் மின் பாயுங்கால் அதன் சக்தியில் ஒரு பகுதி வெப்பமாக வீணாவது உலகறிந்த செய்தி. அவ்விழப்பு அறவே இல்லாத பொருளுக்கு மீக்கடத்தி என்று பெயர்.

இரசம் முதலிய எளிய உலோகங்கள் இவ்வாறு நடப்பதற்குக் காரணத்தை 1957 ஆம் ஆண்டில் பாடீன், கூப்பர், சிறீபர் என்னும் மூவர் விளக்கிவிட்டனர். இலத்திரன்கள் இரண்டிரண்டாக இணை சேர்வதே அதன் உட்பொருள். அத்துடன் விடயம் முடிந்தது எனப் பலர் எண்ணியிருந்த வேளையில், 1986 ஆம் ஆண்டில் சூரிச் நகருக்கு அருகே பெட்நோர்ஸ், முல்லர் என்னும் இருவர் ஒரு செப்பு ஒட்சைட்டுப் பொருளை ஆராய்ந்து, அது பூச்சியத்துக்குக் கீழ் ஏறத்தாழ 238 பாகையிலேயே மீக்கடத்தியாவதற்கான அறிகுறிகளைக் கண்டனர். மறு ஆண்டே அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில் பிறர் உண்டாக்கிய வேறொரு செப்பு ஒட்சைட்டு, கீழ் 180 பாகையிலேயே தடையை இழந்தது. திரவ நைதரசன் அதைவிடக் குளிரானது, விலையும் மலிந்தது. ஆகவே மீக்கடத்தி அரிதான திரவ ஈலியத்தின் துணையின்றியே இயங்கத் தொடங்கியது.

செப்பு ஒட்சைட்டுகள் ஏன் இப்படி நடக்கின்றன? இக்கேள்விக்கு இன்றுவரை யாவரும் ஒப்பும் விடை இல்லை. விடை தெரிந்தாலன்றோ, சாதாரண வெப்பத்திலும் மின்னை இழப்பின்றிக் கடத்தும் பொருளொன்றைத் திட்டமிட்டுத் தேடலாம்! அதுவரை தேடுவோர் இருட்டறையிலே சாவியைத் துழாவுவோரை ஒத்தவரே.

விந்தை யாதெனில், கேள்வி மிக எளிதாக எழுதக்கூடிய ஒன்று. 1963 இல் ஜோன் ஹபார்ட் என்னும் ஆங்கிலேயர் எழுதிய மாதிரியுரு ஒன்று உண்டு. ஒரு சதுரங்கப் பலகையை எண்ணிக்கொள்ளுக. அதன் கட்டங்களில் இலத்திரன்கள் இருக்கின்றன. ஓர் இலத்திரன் அடுத்த கட்டத்துக்குத் தாவலாம். ஒரே கட்டத்தில் இரண்டு சேர வேண்டுமாயின், அவற்றின் சுழற்சிகள் ஒன்றுக்கொன்று எதிராக இருத்தல் வேண்டும். அவ்வாறு சேர்வதற்குச் சக்தியிலே ஒரு தண்டமும் செலுத்த வேண்டும். விதி இவ்வளவே. கட்டத்துக்கு ஒன்றாக எல்லாம் நிரம்பிவிட்டால், தண்டத்துக்கு அஞ்சி ஒன்றும் அசையாது; பொருள் காவலியாகிவிடும். அயலவரின் சுழற்சிகளோ மேல், கீழ், மேல், கீழ் என மாறி மாறி அமையும். செப்பு ஒட்சைட்டுகளும் தொடக்கத்தில் இத்தகைய காவலிகளே. அவற்றிலிருந்து சில இலத்திரன்களை அகற்றினால் மீக்கடத்தல் தோன்றுகிறது. ஹபார்டின் பலகையிலும் அது தோன்றுமா என்பதே பிரச்சினை.

கணனியைக் கொண்டு கணித்துவிடலாமே எனத் தோன்றும். ஆனால் ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு நிலைகள் உண்டு: வெறுமை, மேற்சுழற்சி, கீழ்ச்சுழற்சி, இரண்டும் ஒருங்கே. கட்டங்கள் 10 ஆனால் நிலைகள் பத்து இலட்சத்தைத் தாண்டும். சதுரங்கப் பலகையின் 64 கட்டங்களுக்கோ, அது 39 இலக்கங்கள் கொண்ட எண்ணாகிவிடும். கட்டந்தோறும் நெல்மணியை இரட்டித்து வைக்கச் சொல்லி அரசனைத் திகைக்கவைத்த பழங்கதையில் வருவது வெறும் 20 இலக்க எண்தான். குவாண்டம் கொள்கை, அதாவது சக்திச்சொட்டுக் கொள்கை, இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள விடுவதில்லை. எல்லா நிலைகளும் ஒன்றோடொன்று கலந்து நிற்கும் என்கிறது. 150 கட்டங்களை எட்டும்போது, காணக்கூடிய பிரபஞ்சத்தில் உள்ளனவாக மதிக்கப்படும் அணுக்களின் தொகையையும் அந்த எண் மிஞ்சிவிடுகிறது. குறுக்கு வழிக் கணக்கு முறைகள் பல உண்டு. அவை யாவும் எங்கேனும் ஓரிடத்தில் இடறுகின்றன.

1981 ஆம் ஆண்டில் அமெரிக்காவிலே மசச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவனம் பங்கேற்ற ஒரு மகாநாட்டில் ரிச்சர்ட் பைன்மன் இதற்கு மாற்று வழியொன்றைக் குறிப்பிட்டார். இயற்கை சக்திச்சொட்டு விதிகளின்படி இயங்குகிறதாயின், அதனைப் போன்மை செய்யும் பொறியும் அவ்விதிகளின்படியே இயங்கட்டும் என்பதே அவர் கருத்து. இது முற்றிலும் புதியதன்று எனலாம். கெல்வின் பிரபு 1870களில் துறைமுகங்களின் வற்றுப்பெருக்கை முன்னறியச் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஒரு பொறியை அமைத்தார். சந்திரனும் சூரியனும் கடலை இழுப்பதைச் சக்கரங்களின் சுழற்சி போலச்செய்தது. எழுதுகோல் அலைவரையை வரைந்து தந்தது. பைன்மன் வேண்டியது சக்கரங்களுக்குப் பதிலாக அணுக்களை.

அணுக்களை அசையாது பிடிப்பது எவ்வாறு? இங்கே துணைக்கு வருவது லேசர் ஒளி. தகுந்த நிறமுடைய ஒளிக்கற்றைகளை எதிரெதிரே செலுத்தினால் அணுக்களின் வேகம் தணிந்துவிடும். இம்முறைக்காக 1997 இல் மூவர் நோபல் பரிசு பெற்றனர். பின்னர் சூடான பாலை ஆற்றுவது போல, மிகுந்த வேகமுள்ள அணுக்களை மட்டும் வெளியேற விட்டு, எஞ்சியவற்றைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் கோடியில் சில பங்குகள் வரை குளிர்விக்கலாம். அதன்பின் ஒளியலைகள் ஒன்றோடொன்று குறுக்கிட, ஒளியும் இருளும் மாறி மாறி ஒரு கட்டமைப்பு உண்டாகிறது. அது வரிசை வரிசையாகக் குழிகள் தோண்டிய ஒரு மாபெரும் பல்லாங்குழிப் பலகை. அணுக்களே அதன் காய்கள். லேசரின் வலிமையைக் கூட்டினால் குழிகள் ஆழமாகும், தாவல் குறையும். காந்தப் புலத்தை மாற்றினால் இரண்டு அணுக்கள் ஒரே குழியில் சேர்வதற்கான தண்டம் மாறும். எந்தப் பளிங்கும் இவ்வளவு கீழ்ப்படிவுடன் நடவாது.

2002 ஆம் ஆண்டில் மியூனிச் நகரிலே இமானுவேல் புளொக், மார்க்கஸ் கிறைனர் முதலியோர் உருபீடியம் அணுக்களை இவ்வாறு அடுக்கி, தங்குதடையின்றிப் பாயும் நிலையிலிருந்து கட்டத்துக்கு இத்தனை என உறைந்து நிற்கும் நிலைக்கு மாறச் செய்து காட்டினர். அந்த உருபீடியம், 1924 இல் டாக்கா பல்கலைக்கழகத்திலிருந்து ஐன்ஸ்டைனுக்குக் கட்டுரை அனுப்பிய சத்தியேந்திரநாத் போசின் பெயரைத் தாங்கிய குலத்தைச் சேர்ந்தது. இலத்திரனோ பெர்மியின் குலம். ஆகவே இலத்திரனுக்குப் பதிலாளாக நிற்க இலிதியம் 6 போன்ற வேறு அணுக்கள் தேவைப்பட்டன. 2009 இல் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் கிறைனரின் குழுவினர், குழிகளிலுள்ள அணுக்களை ஒன்றொன்றாகக் காட்டும் நுணுக்குக்காட்டியை உருவாக்கினர். குழிகளுக்கிடையே உள்ள தூரம் பளிங்கிலுள்ளதைப் போல ஆயிரம் மடங்குக்கும் மேல். தாவலும் அதற்கேற்ப மிக மந்தம். இலத்திரன் கண்ணிமைப்பின் கோடானுகோடியிலொரு பங்கில் செய்வதை, அணு அளவெடுக்கப் போதிய நிதானத்தோடு செய்கிறது. 2017 இல் ஏறத்தாழ 80 குழிகளில் இலிதிய அணுக்களின் சுழற்சிகள் மேலும் கீழுமாக அணிவகுத்து நின்றதை அதே பல்கலைக்கழகத்தில் படம்பிடித்தனர்.

ஆயினும் கணிக்க இயலாத ஒன்றைப் பொறி கூறும்போது, அதனை நம்புவது எங்ஙனம்? இது அற்பமான ஐயமன்று. விடையைச் சரிபார்க்க வழியில்லையெனில், பிழைபட்ட பொறிக்கும் பிழையற்ற பொறிக்கும் வேற்றுமை தெரியாது. 2012 இல் மியூனிச்சில் இதற்கொரு நேர்மையான வழியைக் கையாண்டனர். ஒற்றை வரிசையில் ஒரு குழி விட்டு ஒரு குழியாக அணுக்களை வைத்து, திடீரென அவற்றைத் தாவ விட்டனர். ஒற்றை வரிசையாதலால் ஆரம்ப வேளையைக் கணனியும் கணிக்க முடிந்தது. அளவீடும் கணிப்பும் ஒத்திருந்தன. பின்னர் கணனி மேற்செல்ல இயலாது நின்றுவிட, அணுக்களின் பரிசோதனை மேலும் தொடர்ந்தது. துணைக்கு ஆள் உள்ள வரை கூடச் சென்று, பிறகு தனியே நடப்பதற்கு ஒப்பானது இது.

இன்னொரு தடை குளிர்பற்றியது. குழிகளில் தாவல் மந்தமாதலால், எவ்வளவு குளிர் என்பதைத் தாவலின் சக்தியோடு ஒப்பிட்டே கூற வேண்டும். அப்படி ஒப்பிட்டால், 2017 இன் அந்த அணுக்கள், தனிப்பூச்சியத்துக்கு மேல் பாகையின் கோடியிலொரு பங்குக்கும் குறைவான வெப்பநிலையில் இருந்தபோதிலும், 600 பாகைக்கு மேற்பட்ட உலையிலிட்ட செப்பு ஒட்சைட்டுக்கே சமானம்! 2025 இல் ஹார்வார்ட் குழுவினர் இவ்வளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்தனர்.

இதற்கிடையில் கணனியாளரும் வாளாவிருக்கவில்லை. 2020 இல் வெளியான ஒரு விரிவான கணிப்பு, அயற் கட்டத்துக்கு மட்டுமே தாவும் ஹபார்டின் தூய பலகையில், செப்பு ஒட்சைட்டுகளுக்குப் பொருந்தும் அளவுகளில் மீக்கடத்தல் இல்லை என்றது. 2024 இல் வந்த மற்றொன்று, மூலைவிட்டமாகவும் தாவ இடங்கொடுத்தால் மீக்கடத்தல் தோன்றுகிறது என்றது. பலகையின் விதியில் அத்துணைச் சிறு மாற்றம், விடையையே புரட்டிவிடுகிறது. ஆகவே மூலைவிட்டத் தாவலும் உள்ள ஒளிப்பலகையில், இன்னும் குளிர்ந்த இலிதியத்தை இட்டு, சில அணுக்களை அகற்றிவிட்டு நோக்க வேண்டியிருக்கிறது. படமொன்று எடுத்ததும் அந்த அணுக்கள் பயனற்றுப் போகும். மீண்டும் புதிய அணுக்களைக் குளிர்வித்து, மீண்டும் அடுக்கி, இவ்வாறு ஆயிரக்கணக்கான படங்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அணுக்கள் இணை சேர்ந்து தடையின்றிப் பாயும் காட்சி, 2025 வரை வெளிவந்த ஹபார்ட் பலகைப் படங்களில் அகப்படவில்லை.